சி2 என்று எழுதிவிட்டார்: வேலையைச் செய்வதா, எதிர்த்துக் கேட்பதா?

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஈஐசிஆர் என்ற பெயர் பழக்கமானது. வயரிங், ஃபியூஸ் பாக்ஸ், எர்த், சாக்கெட் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு மின் பரிசோதகர் பார்த்து எழுதித் தரும் அறிக்கை அது. 2020 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள், புது வாடகை ஒப்பந்தங்களுக்கு அதே ஆண்டு ஜூலை 1 முதலும் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும் இதைக் கட்டாயமாக்கின. அதிகபட்சம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பரிசோதகர் அதற்கு முன்பே ஒரு தேதி போட்டிருந்தால் அந்தத் தேதிக்குள்.

‘திருப்திகரம்’ என்று வந்தால் யாரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ‘திருப்திகரமில்லை’ என்று வந்து, அதே மின்னஞ்சலில் புது ஃபியூஸ் பாக்ஸுக்கான மதிப்பீடும் சேர்ந்து வரும்போதுதான் மனம் குறுகுறுக்கிறது. இது உண்மையான ஆபத்தா, வேலை பிடிக்கும் உத்தியா? அறிக்கையைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, லாபத்தைப் பழுதுவேலையில் எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சரியாக எழுதியவரைத் திருடன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும் வீட்டுச் சொந்தக்காரர்களும் குறைவில்லை.

வழிகள் ஆறு. சொன்னதைச் செய்துவிடலாம். எழுதியவரிடமே விளக்கம் கேட்டுத் திருத்தச் சொல்லலாம். இன்னொருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். அறிக்கை எழுதியவர் பதிவு செய்துள்ள அமைப்பிடம் முறையிடலாம். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். இந்த விதிகளை அமல்படுத்தும் உள்ளாட்சிக் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பினால் அங்கே பதில் சொல்லலாம். எது நல்லது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நீங்கள் எதை மறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அளவை மறுக்கிறீர்களா, அந்த அளவுக்குப் போட்ட சி1, சி2 போன்ற ஆபத்துக் குறியை மறுக்கிறீர்களா, அல்லது ஆள் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்கிறீர்களா? மூன்றும் மூன்று வேறு தகராறுகள். முழு அறிக்கையும் தவறு என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். இந்த ஒரு வரியில் இந்தக் குறி தவறு என்று கேட்கிறவர்களுக்குத்தான் பதில் கிடைக்கிறது.

குறிகள் சொல்வது என்ன

சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது. சி2 என்றால் ஆபத்தாகக் கூடியது; இன்னொரு பழுது சேர்ந்தாலோ சூழ்நிலை மாறினாலோ ஆளுக்கு ஷாக் அடிக்கலாம், தீப்பிடிக்கலாம். சி3 என்றால் மேம்படுத்தினால் நல்லது, அவ்வளவுதான். எஃப்ஐ என்றால் மேலும் ஆராய வேண்டும். சி1, சி2, எஃப்ஐ மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அறிக்கை ‘திருப்திகரமில்லை’ ஆகிவிடும். சி3 பத்து இருந்தாலும் அறிக்கை தேறிவிடும். ஆகவே பெரும்பாலான தகராறுகள் சி2க்கும் சி3க்கும் இடையில் நடப்பவை. அந்த ஒரு படி கீழே இறங்கினால் சட்டப்படி உங்களுக்கு எந்த வேலையும் இல்லை.

அறிக்கையில் ‘திருப்திகரமில்லை’ என்று வந்தால், பரிசோதனை நடந்த நாளிலிருந்தே 28 நாள் கணக்கு தொடங்குகிறது. பரிசோதகர் அதைவிடக் குறைந்த காலம் எழுதியிருந்தால் அந்தக் காலம். அதற்குள் வேலை முடிய வேண்டும். நீங்கள் பரிசோதகருடன் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆறு வழிகளையும் எடைபோட வேண்டும்.

எதைக் கேள்வி கேட்கலாம்

பிஎஸ் 7671 என்பது பிரிட்டனின் வயரிங் விதிமுறை. புதிய பதிப்பு வந்துவிட்டதால் மட்டும் பழைய பதிப்பின்படி போட்ட வயரிங் ஆபத்தானதாகிவிடாது, மாற்றியே ஆக வேண்டும் என்றும் பொருளல்ல என்று அந்த விதிமுறையின் முன்பகுதியே சொல்கிறது. பல தவறான சி2க்கள் இதை மறந்ததால் வருகின்றன. எந்தக் குறைக்கு எந்தக் குறி பொருத்தம் என்பதற்கு ‘எலெக்ட்ரிகல் சேஃப்டி ஃபர்ஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனம் ‘பெஸ்ட் பிராக்டிஸ் கைடு 4’ என்ற வழிகாட்டியை இலவசமாக வெளியிடுகிறது. அது சட்டம் அல்ல, ஆனால் துறையில் எல்லோரும் மதிக்கும் அளவுகோல். அதைத் தரவிறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையின் கே பிரிவை, அதாவது குறைகளின் பட்டியலை, வரி வரியாகப் பாருங்கள்.

அடிக்கடி தகராறாகிற சில வரிகள்:

பிளாஸ்டிக் ஃபியூஸ் பாக்ஸ். வீடுகளில் புதிதாகப் பொருத்தும் ஃபியூஸ் பாக்ஸ் தீப்பற்றாத உறையில் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி 1 முதல் வந்தது. அதற்கு முன் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் சூடேறிக் கருகிய அடையாளமோ தளர்ந்த இணைப்போ இல்லையென்றால், பிளாஸ்டிக் என்ற ஒரே காரணத்துக்காக சி2 போடுவது ஒட்டாது. அதிகபட்சம் சி3. புதுப் பெட்டி விற்க நினைப்பவருக்கு இதைவிடச் சுலபமான வரி வேறில்லை என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

ஆர்சிடி இல்லாதது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கருவி இது. தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு இழுக்கக்கூடிய சாக்கெட்டுக்கு அது இல்லையென்றால் சி2 நியாயமே. வெளியே எடுத்துப் பயன்படுத்த வாய்ப்பில்லாத சாக்கெட் என்றால் வழிகாட்டியின்படி சி3. நான்காவது மாடி அபார்ட்மென்ட்டுக்கும் தரைத்தளத்து வீட்டுக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். குளியலறையிலும் இப்படித்தான்: ஆர்சிடி இல்லை, ஆனால் குழாய்களையும் மின் பாகங்களையும் இணைக்கும் துணை பாண்டிங் ஒழுங்காக இருக்கிறது என்றால் சி3. இரண்டும் இல்லையென்றால் சி2. அந்த பாண்டிங் வயர் பாத் டப் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். பலகையைக் கழற்றிப் பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதுவது உண்டு.

விளக்கு சர்க்கியூட்டில் எர்த் இல்லாதது. 1966-இல் வந்த வயரிங் விதிமுறைப் பதிப்புக்கு முன் கட்டிய வீடுகளில் இது சாதாரணம். உலோக ஸ்விட்ச், உலோக விளக்குகள் மாட்டியிருந்தால் சி2. எல்லாம் பிளாஸ்டிக், இரட்டைக் காப்பு (இன்சுலேஷன்) உள்ளவை என்றால் சி3. வீடு முழுக்க வயரிங்கை மாற்றச் சொல்லும் மதிப்பீட்டுக்கும், சில உலோக விளக்குகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் மாட்டும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

கேஸ், தண்ணீர்க் குழாய்க்கான பாண்டிங் வயர். அறவே இல்லையென்றால் சி2, அதில் வாதமில்லை. இன்று சாதாரணமாக 10 சதுர மில்லிமீட்டர் வயர் போடுகிறார்கள். பழைய வீடுகளில் 6 இருக்கும். சூட்டில் சேதமான அடையாளம் இல்லாத 6 சதுர மில்லிமீட்டர் வயருக்கு சி2 போட்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

சிவப்பு-கறுப்பு வயர். நிறங்கள் பழுப்பு-நீலமாக மாறியதற்கான இடைக்காலம் 2006 மார்ச்சோடு முடிந்தது. பழைய நிறம் என்பது வயதைக் காட்டுமே தவிர அது குறையே அல்ல.

எண்களில் வரும் தகராறு கொஞ்சம் நுட்பமானது. 32 ஆம்பியர் ‘பி’ வகை பிரேக்கருக்கு எர்த் பழுதுச் சுற்றின் மின்தடை 1.37 ஓமைத் தாண்டக் கூடாது என்பது விதிமுறையின் அட்டவணை. சுமை ஏறி வயர் சூடாகும்போது தடையும் உயரும் என்பதால், குளிர்ந்த நிலையில் அளப்பதை அதில் 80 சதவீதத்தோடு, அதாவது சுமார் 1.1 ஓமோடு ஒப்பிடுவது எளிய பழக்கம். 1.2 என்று அளந்து உடனே சி2 போட்டிருந்தால், அந்தச் சர்க்கியூட்டில் வேலை செய்யும் ஆர்சிடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் குறிக்கான காரணத்தைக் கேட்பதில் தவறில்லை. மண்ணில் அடித்த கம்பி வழியாக எர்த் எடுக்கும் டிடி வகை வீடுகளில் இந்த அட்டவணை எண்ணைப் பிரேக்கரால் எட்டவே முடியாது. அங்கே பாதுகாப்பைத் தருவது ஆர்சிடிதான். அதைக் கவனிக்காமல் எல்லாச் சர்க்கியூட்டுக்கும் சி2 போட்ட அறிக்கை, எழுதியவரின் அறிவைப் பற்றித்தான் நமக்குச் சொல்கிறது.

வாதாடக் கூடாத வரிகளும் உண்டு. ஃபியூஸ் பாக்ஸில் மூடி இல்லாத இடைவெளி வழியாக விரல் உள்ளே போகும் என்றால் அது சி1. சில பென்ஸுக்கு விற்கும் பிளாஸ்டிக் மூடிதானே என்று சிரிக்க வேண்டாம், மாட்டிவிடுங்கள். கருகிய இணைப்பு, ஃபேஸும் நியூட்ரலும் மாறிய சாக்கெட், 500 வோல்ட் சோதனையில் 1 மெகாஓமுக்குக் கீழே போன காப்பு, 300 மில்லி விநாடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்காத ஆர்சிடி: இவற்றுக்கெல்லாம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கடிதம் எழுத உட்கார வேண்டாம்.

முதல் வழி: செய்துவிடுவது

தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாமல் கணக்குப் போட்டால், பல நேரம் இதுவே மலிவு. பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இதை இன்னும் மலிவாக்கும். அறிக்கை எழுதிய நிறுவனத்திடமே வேலையைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. தகுதியுள்ள யாரும் செய்யலாம். வேலை முடிந்த பிறகு புதிதாக ஈஐசிஆர் எடுக்கவும் தேவையில்லை. சின்ன வேலைக்கான சான்றிதழோ நிறுவல் சான்றிதழோ வாங்கி, பழைய அறிக்கையோடு இணைத்து வைத்தால் போதும். ‘வேலைக்குப் பிறகு மறுபரிசோதனைக் கட்டணம்’ என்று மதிப்பீட்டில் ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது என்ற எழுத்துபூர்வ உறுதியையும் அறிக்கையின் நகலையும் வேலை முடிந்த 28 நாளுக்குள் வாடகைக்காரருக்கும் கவுன்சிலுக்கும் அனுப்ப வேண்டும். கவுன்சில் கேட்டால்தான் என்று நினைத்திருப்பவர்கள் அதிகம். பழுது எழுதிய அறிக்கை என்றால் கேட்காமலே அனுப்ப வேண்டும்.

இதன் பலவீனம் வெளிப்படையானது. தேவையில்லாத வேலைக்குப் பணம் போகும். அடுத்த ஐந்தாவது வருடமும் அதே நிறுவனம் அதே பாணியில் எழுதும். செலவு ஒரு பரிசோதனைக் கட்டணத்தைவிடக் குறைவு என்றால் செய்துவிடுங்கள், அதைத் தாண்டினால் அடுத்த வழியைப் பாருங்கள் என்பது என் கோடு.

இரண்டாவது வழி: எழுதியவரிடமே கேட்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. செலவில்லை, சில நாளில் பதில் வரும், பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதமே பின்னால் சாட்சியாகும். பலர் இதைத் தொலைபேசியில் கோபமாகச் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். எழுதிக் கேளுங்கள். அதுவும் குறையின் எண்ணோடு கேளுங்கள். இந்த மாதிரி இருக்கலாம்:

“அறிக்கையின் கே பிரிவில் 4-ஆவது குறைக்கு சி2 கொடுத்திருக்கிறீர்கள். ஃபியூஸ் பாக்ஸ் பிளாஸ்டிக் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எழுதப்படவில்லை. சூடேறிய அடையாளமோ தளர்ந்த இணைப்போ கண்டீர்களா? கண்டிருந்தால் புகைப்படம் அனுப்புங்கள். இல்லையென்றால், இது எந்த வகையில் ஆபத்தாகக் கூடியது என்று கருதினீர்கள், பிஎஸ் 7671-இன் எந்த விதி எண்ணைக் கொண்டு என்பதைத் தெரிவியுங்கள். பெஸ்ட் பிராக்டிஸ் கைடு 4-ஐப் பார்த்தபின் குறி மாறும் என்று கருதினால், திருத்திய அறிக்கையை இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.”

‘நீங்கள் தவறு’ என்ற வார்த்தை இதில் எங்கும் இல்லை. பரிசோதகர் பின்வாங்க ஒரு கௌரவமான வழி திறந்திருக்கிறது. அவரிடம் நல்ல காரணமும் இருக்கலாம். உள்ளே கருகியிருந்ததைப் பார்த்துவிட்டு எழுத மறந்திருக்கலாம். அப்படியென்றால் புகைப்படம் வரும், உங்கள் சந்தேகம் தீரும். திருத்தி அனுப்பினால், திருத்தியது என்ற குறிப்பும் தேதியும் அதில் இருக்கட்டும். ஒரே தேதியில் இரண்டு முரண்பட்ட அறிக்கைகள் உலவுவது யாருக்கும் நல்லதல்ல.

கேட்பதற்கு முன் ஏ பிரிவைப் பாருங்கள். அறிக்கையை யார் கேட்டு வாங்கினார் என்று அங்கே இருக்கும். வீட்டு ஏஜென்ட் தன் பெயரில் ஏற்பாடு செய்திருந்தால், அவர் மூலமாகவோ அவரை நகலில் வைத்தோ எழுதுங்கள். இல்லையென்றால் ‘எங்கள் வாடிக்கையாளர் நீங்கள் அல்ல’ என்று நிறுவனம் ஒதுங்கிவிடும்.

ஒருவர் தன் தொழில் முடிவை மாற்றியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த வழிக்கு எல்லை அதுதான். அதனால் மறுக்காத வரிகளுக்கான வேலையைக் கடிதம் போன அன்றே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கான 28 நாளில் ஒன்றைக்கூட வாதத்தில் செலவழிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி: இன்னொருவரை அழைப்பது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அறிக்கை ‘திருப்திகரம்’ என்று வந்தால் முதலாவது செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி ரத்தாக்கும் ஏற்பாடு விதிகளில் இல்லை. இரண்டு அறிக்கைகளும் இருக்கும். கவுன்சில் விசாரித்தால், முதலாவதை ஒளித்து வைத்தது தெரியவந்தால், உங்கள் நேர்மைதான் முதலில் அடிபடும். ஆகவே இரண்டாமவரிடம் முதல் அறிக்கையைக் காட்டுங்கள். ‘இந்த வரிகளை நீங்களே சோதித்து, ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா, ஏன் என்று எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள்.

முழு ஈஐசிஆரா, அந்த வரிகள் மட்டுமா? தகராறு குறியைப் பற்றியது என்றால் அந்த வரிகள் போதும். செலவும் குறையும். எஃப்ஐ என்று எழுதியதற்கும் இதுவே சரி. அது ‘தெரியவில்லை, பாருங்கள்’ என்பதற்கான குறி, பார்த்து எழுதிவிட்டால் முடிந்தது. ஆள் ஒழுங்காகவே பார்க்கவில்லை என்பது உங்கள் வாதமென்றால் முழுப் பரிசோதனை வேண்டும்.

ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று எப்படித் தெரியும்? டி பிரிவில் எல்லைகள் எழுதியிருக்கும். உங்களிடம் கேட்காமலே பாதி வீடு அங்கே விலக்கப்பட்டிருந்தால் கவனியுங்கள். சோதனை அட்டவணையில் கட்டத்துக்குக் கட்டம் ‘லிம்’ என்றிருந்தால் சோதிக்கவில்லை என்று பொருள். வெவ்வேறு நீளமுள்ள சர்க்கியூட்டுகளுக்கு எர்த் சுற்றின் தடை ஒரே எண்ணாக வந்திருந்தால் நம்ப முடியாது. ஆனால் காப்புச் சோதனையில் எல்லாக் கட்டத்திலும் ‘999-க்கு மேல்’ என்றிருப்பதைப் பார்த்து ‘நகல் எடுத்துவிட்டான்’ என்று குதிக்க வேண்டாம். நல்ல நிலையிலுள்ள வயரிங்குக்கு மீட்டரின் உச்ச அளவே எல்லா இடத்திலும் வருவது இயல்பு.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நிபந்தனை: வேலைக்கான மதிப்பீடு அவரிடம் கேட்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்கான அனுபவமும் காப்பீடும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயரிங் வேலைக்குப் பதிவு செய்திருப்பது வேறு, பரிசோதனைக்குப் பதிவு செய்திருப்பது வேறு. எதற்குப் பதிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழியோடு ஒப்பிட்டால் இதற்குப் பணம் செலவாகும், நாளும் போகும். பதிலுக்குக் கிடைப்பது சுதந்திரமான ஒரு எழுத்து. முதல் பரிசோதகர் அசையவில்லை, கேட்கும் வேலையோ பெரியது என்றால் இந்தச் செலவு வீணாகாது. ஒரு சாக்கெட்டுக்காக இதைச் செய்வது வீண் வேலை. இரண்டாமவர் ‘முதலாமவர் சொன்னதுதான் சரி, கூட இன்னும் இரண்டு இருக்கிறது’ என்று எழுதக் கூடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது அதையும் செய்ய வேண்டியதுதான்.

நான்காவது வழி: அமைப்பிடம் முறையிடுவது

எலெக்ட்ரீஷியன்களைப் பதிவு செய்யும் என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற அமைப்புகளில் பரிசோதகர் பதிவு செய்தவர் என்றால் அங்கே முறையிடலாம். முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது வழியைத் தாண்டி நேரே இங்கே குதிக்க முடியாது. அமைப்பு பார்ப்பது தொழில்நுட்பத் தரத்தை. அவரது வேலை விதிமுறைக்கு உட்பட்டதா, சரிசெய்ய வேண்டுமா என்பதே அங்கே கேள்வி. உங்கள் பணத்தை வாங்கித் தருவது அதன் வேலையல்ல.

வேகத்தை எதிர்பார்த்து இங்கே போக வேண்டாம். 28 நாளுக்குள் முடியும் என்று திட்டம் போட்டால் ஏமாறுவீர்கள். ஆனால் ஒரு நிறுவனம் தெரிந்தே பொய்யான சி2 போட்டு வியாபாரம் செய்கிறது என்ற நிலைமைக்கு மற்ற எல்லா வழிகளையும்விட இதற்கே கனம் அதிகம். பதிவு போய்விடும் என்ற பயம் நிறுவனத்தை அசைக்கும். அந்த அமைப்பின் முத்திரையை அறிக்கையில் அச்சிட்டிருப்பதால் மட்டும் பதிவு இருக்கிறது என்று முடிவு செய்யாமல், அமைப்பின் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். எதிலும் பதிவு இல்லாதவரென்றால் இந்தக் கதவு மூடியது. விதிகள் கேட்பது தகுதியும் திறமையும் உள்ள ஆளை மட்டுமே, பதிவைக் கட்டாயமாக்கவில்லை.

வழக்கும் கவுன்சிலும்

வழக்குக்குக் குறி மாற்றும் சக்தி கிடையாது. பணத்தைத் திரும்பப் பெற மட்டும்தான் அது. தேவையில்லாத பெரிய வேலையைச் செய்யவைத்தார்கள் என்று பின்னால் தெரிந்து, அதைச் சொல்லும் சுதந்திர அறிக்கையும் கையில் இருந்தால், சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் 10,000 பவுண்டு வரை கேட்கலாம். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு வருடம் அவகாசம். சொந்த வீட்டுக்காகச் செய்தவருக்கு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை. வாடகையைத் தொழிலாக நடத்துபவருக்கு 1982-ஆம் ஆண்டின் பொருள், சேவை வழங்கல் சட்டம். இரண்டிலும் அடிப்படை ஒன்றே, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்திருக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் போனதுமே பல நிறுவனங்கள் பேச்சுக்கு வரும்.

கவுன்சில் பக்கம் கதை வேறு. நீங்கள் கடமையை மீறியதாகக் கருதினால் கவுன்சில் திருத்த நோட்டீஸ் அனுப்பும். அதற்கு 21 நாளுக்குள் எழுத்தில் மறுப்புச் சொல்லலாம், அதைக் கவுன்சில் பரிசீலிக்கும் வரை நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படும். எல்லா வழிகளிலும் கடிகாரத்தை நிறுத்தும் வழி இது ஒன்றுதான். அதற்காக நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருப்பது முட்டாள்தனம். 28 நாள் கடமை மீறியதற்கு அபராதம் போட இந்த நிறுத்தம் தடையல்ல. விதிகள் வந்தபோதே அபராதத்தின் உச்சம் 30,000 பவுண்டு. அபராதம் போட்டால் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் எழுதிய கடிதங்களும் சேர்த்துவைத்த சான்றிதழ்களும்தான்.

சொந்த வீட்டில் இருப்பவரும் வாங்கப் போகிறவரும்

தானே குடியிருக்கும் வீட்டுக்கு ஈஐசிஆர் சட்டக் கட்டாயம் இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது என்பது பரிந்துரை. அங்கே 28 நாளும் இல்லை, கவுன்சிலும் இல்லை. அதனால் இரண்டாமவரை நிதானமாக அழைத்துப் பார்க்கலாம். வீடு வாங்குபவர் எடுத்த அறிக்கையில் சி2 வந்து, விற்பவர் விலையைக் குறைக்க மறுத்தால், குறியைப் பற்றி வாதாடுவதைவிட அந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு மதிப்பீடு வாங்கிப் பேசுவது சுலபம். சி3க்களைக் காட்டி விலை குறைக்கக் கேட்பவர்களும் உண்டு. விற்பவர் மறுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வாடகைக்காரர் மறுத்தால்

இதுவரை எல்லாம் அறிக்கை கடுமையாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பற்றியே. தலைகீழாகவும் நடக்கும். ‘திருப்திகரம்’ என்று அறிக்கை இருக்கிறது, ஆனால் சாக்கெட் சூடாகிறது, ஷவர் ஸ்விட்ச் கருகிய வாசனை அடிக்கிறது. வாடகைக்காரருக்கு அறிக்கையின் நகல் கிடைத்தாக வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவருக்குப் பரிசோதனை நடந்த 28 நாளுக்குள், புதிதாக வருபவருக்கு அவர் குடியேறும் முன்பே. நகல் கையில் வந்ததும் டி பிரிவைப் பாருங்கள். உங்கள் அறை சோதிக்கப்படாமலே விலக்கப்பட்டிருக்கலாம். அல்லது சோதித்த பிறகு பழுதாகியிருக்கலாம். அறிக்கை பரிசோதித்த அந்த நாளின் நிலையைத்தான் சொல்கிறது.

இங்கே அறிக்கையைத் தாக்குவதைவிடப் பழுதைப் புதிதாகத் தெரிவிப்பதுதான் பலன் தரும். வீட்டுச் சொந்தக்காரருக்குப் புகைப்படத்தோடு எழுதுங்கள், அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள பெரிய ஃபியூஸ், வெளியிலிருந்து வரும் கேபிள் ஆகியவற்றில் ஏதாவது என்றால் அது வீட்டுக்காரரின் பொறுப்பே அல்ல, மின் விநியோக நிறுவனத்தை 105-இல் அழைக்கலாம். வீட்டுக்காரர் அசையவில்லையென்றால் கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் வீட்டுக்காரரிடம் அறிக்கையைக் கேட்டால் ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். திருத்த நோட்டீஸுக்குப் பிறகும் வேலை நடக்கவில்லையென்றால், உங்கள் சம்மதத்தோடு கவுன்சிலே ஆளை அனுப்பி அதைச் செய்து, செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்க விதிகள் இடம் கொடுக்கின்றன.